உள்ஃபோல்டரில் இருக்கும் இணையக் கடைக்குத் தனி டொமைனைத் திருப்புவது எப்படி?

கேள்வி: என் ஹோஸ்டிங் கணக்கில் ஏற்கெனவே ஒரு வலைத்தளம் இருக்கிறது. அதற்குள் ‘ஷாப்’ என்ற ஃபோல்டரில் ஓப்பன்கார்ட் கடை நிறுவியிருக்கிறேன். கடைக்கென்று புதிதாக ஒரு டொமைன் வாங்கினேன். ஏ ரெக்கார்டில் ஐபி எண்ணுக்குப் பின்னால் ‘/ஷாப்’ என்று எழுதினால் ஏற்க மறுக்கிறது. என்ன செய்வது?

பதில்:

ஏற்காது. ஏ ரெக்கார்ட் என்பது டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு. அதில் அந்த சர்வரின் ஐபி எண்ணைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. ஒரு டொமைனை இன்னொன்றின் மறுபெயராக்கும் சிநேம் ரெக்கார்டைப் போட்டாலும் இன்னொரு டொமைனின் பெயரைத்தான் எழுத முடியும். சாய்கோடு போட்டு ஃபோல்டர் பெயரைச் சேர்க்க முடியாது. டொமைன் பெயருக்கு ஐபி எண்ணைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸுக்கு ஃபோல்டர் என்றால் என்னவென்றே தெரியாது.

ஒரே கல்யாண மண்டபத்தில் கீழ்த்தளத்தில் ஒரு கல்யாணம், மாடியில் ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோக்காரர் மண்டப வாசல்வரை கொண்டுவந்து விடுவார். ‘யார் வீட்டுக் கல்யாணம்?’ என்று கேட்டு, மாடிக்கா கீழேயா என்று காட்டுவது வாசலில் நிற்பவரின் வேலை. டிஎன்எஸ் ஆட்டோக்காரர், உங்கள் ஹோஸ்டிங் சர்வர் வாசலில் நிற்பவர். பிரவுசர் சர்வரிடம் பேசும்போது ‘ஹோஸ்ட்’ என்ற தலைப்பில் டொமைன் பெயரையும் சேர்த்துச் சொல்கிறது. பிரவுசரும் சர்வரும் பேசும் விதிமுறையில் 1997இல் வந்த பதிப்பான எச்டிடிபி 1.1 இதைக் கட்டாயமாக்கியது. ஒரே ஐபி எண்ணில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்க முடிவது அதனால்தான். ஆகவே நீங்கள் சொல்ல வேண்டிய இடம் சர்வர்: ‘இந்தப் பெயரில் வருபவரை ஷாப் ஃபோல்டருக்கு அனுப்பு.’

வழியைச் சொல்வதற்கு முன் நான் விழுந்த பள்ளத்தைக் காட்டிவிடுகிறேன். டொமைன் விற்ற நிறுவனத்தின் பக்கத்திலேயே ‘ஃபார்வர்டிங்’ என்று ஒரு வசதி இருக்கும். அதற்குள் ‘மாஸ்கிங்’ என்று ஒரு தேர்வும் இருக்கும். முகவரிப் பட்டையில் புதிய பெயரே தெரியும், இரண்டு நிமிடத்தில் வேலை முடியும். என் மதினி கருப்பட்டி மிட்டாய் விற்கத் தொடங்கியபோது அப்படித்தான் செய்து கொடுத்தேன். பத்து நாள் ஒரு ஆர்டரும் வரவில்லை. என் கணினியில் சோதித்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது, ஏனென்றால் நான் பழைய முகவரியிலேயே திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்! கடைசியில் மதினி தொலைபேசியில் கேட்டார்: “தம்பி, நீ கட்டின கடையில் கூடைக்கு அடி இருக்கிறதா, இல்லையா? போடுவதெல்லாம் ஒழுகிவிடுகிறதாம்.”

மாஸ்கிங் செய்வது இவ்வளவுதான்: புதிய டொமைனில் ஒரு வெற்றுப் பக்கத்தை வைத்து, அதற்குள் ஒரு ஃபிரேமில் பழைய முகவரியைக் காட்டுகிறது. பிரவுசரின் கண்ணுக்கு உள்ளே இருக்கும் கடை வேற்றுத் தளம். அதன் குக்கீ (பிரவுசரில் தளம் சேமித்து வைக்கும் சிறு குறிப்பு) மூன்றாம் தரப்புக் குக்கீ. 2020 மார்ச்சிலிருந்து சஃபாரி அவற்றை முழுவதுமாகத் தடுக்கிறது. குரோமும் அதே ஆண்டிலிருந்து, வெளிப்படையாக அனுமதி எழுதப்படாத குக்கீகளை இப்படிப்பட்ட ஃபிரேமுக்குள் அனுப்புவதில்லை. கூடையில் என்ன இருக்கிறது என்பதைக் கடை நினைவில் வைத்திருப்பதே குக்கீயை நம்பித்தான். குக்கீ போனால் ஒவ்வொரு சொடுக்குக்கும் வாடிக்கையாளர் புது ஆள், கூடை காலி. கடைக்கு மாஸ்கிங் வேண்டவே வேண்டாம்.

சரியான வழி இது. ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் பக்கமான சிபேனலில் ‘டொமைன்ஸ்’ பகுதிக்குப் போய்ப் புதிய டொமைனைச் சேருங்கள். பழைய பதிப்புகளில் இதன் பெயர் ‘ஆட்ஆன் டொமைன்ஸ்’. முதன்மைத் தளத்தோடு டாக்குமென்ட் ரூட்டை (டொமைன் திறக்கும் ஃபோல்டரை) பகிர்வதா என்று ஒரு பெட்டியில் டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். கீழே டாக்குமென்ட் ரூட் கேட்கும் கட்டத்தில் டொமைன் பெயரிலேயே ஒரு புது ஃபோல்டரைச் சிபேனல் தானாக எழுதி வைத்திருக்கும். அதை அழித்துவிட்டு, முதன்மைத் தளத்தின் ஃபோல்டரான பப்ளிக்எச்டிஎம்எல்லுக்குள் இருக்கும் உங்கள் ஷாப் ஃபோல்டரின் பாதையை எழுதுங்கள். இந்தக் கட்டத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, ‘கடைக்குப் பதிலாக வெறும் பட்டியல் தெரிகிறதே’ என்று கேட்பவர்கள் ஏராளம்.

பிறகு டிஎன்எஸ். டொமைன் புதியது, அதில் மின்னஞ்சல் எதுவும் இல்லை என்றால் டொமைனின் ரெக்கார்டுகளை வைத்திருக்கும் நேம்சர்வரையே ஹோஸ்டிங்கின் பெயர்களுக்கு மாற்றிவிடலாம். மின்னஞ்சல் வேறு இடத்தில் ஓடுகிறதென்றால் நேம்சர்வரைத் தொடாதீர்கள். அஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டுகள் கைவிட்டுப் போய் அஞ்சல் நின்றுவிடும். ஏ ரெக்கார்டில் மட்டும் ஹோஸ்டிங்கின் ஐபி எண்ணைப் போடுங்கள், சாய்கோடு இல்லாமல். ‘48 மணி நேரம் ஆகலாம்’ என்று எல்லோரும் சொல்வார்கள். டாட்காம் டொமைன்களின் நேம்சர்வர் விவரத்தை 1,72,800 விநாடிகள் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்ற அனுமதியிலிருந்து வந்த கணக்கு அது. பெரும்பாலும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். பொறுமையில்லாதவர்கள் டிஎன்எஸ்ஸைக் கேட்பதற்கு முன் கணினி பார்க்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஐபி எண்ணையும் டொமைனையும் ஒரு வரியில் எழுதி உடனே பார்க்கலாம். பார்த்த பிறகு அந்த வரியை மறக்காமல் நீக்குங்கள்.

இத்தோடு முடியவில்லை. கடைக்குத் தன் பெயர் மாறியது இன்னும் தெரியாது. முகப்பு புதிய டொமைனில் திறக்கும், எந்தப் பொருளைத் தொட்டாலும் பழைய முகவரிக்கு ஓடிவிடும். ஓப்பன்கார்டில் கடையின் அமைப்புகளை வைத்திருக்கும் இரண்டு கான்ஃபிக் கோப்புகள் உண்டு: கடையின் ஃபோல்டரில் ஒன்று, அட்மின் ஃபோல்டரில் ஒன்று. இரண்டிலும் பழைய முகவரி இருக்கும் வரிகளில் புதிய டொமைனை எழுதுங்கள், கடைசிச் சாய்கோட்டை விட்டுவிடாமல். கோப்புகள் சர்வரில் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் வரிகளில் கை வைக்க வேண்டாம். ஃபோல்டர் இடம் மாறவில்லையே. அழகான இணைப்புகள் (பொருளின் பெயரே முகவரியில் வருபவை) வைத்திருந்தால், சர்வருக்கான விதிகள் இருக்கும் எச்டிஆக்செஸ் கோப்பில் ‘ரீரைட்பேஸ்’ வரியில் இருக்கும் ‘/ஷாப்/’ என்பதை வெறும் சாய்கோடாக்க வேண்டும்.

(வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ் வைத்திருப்பவர்கள் பொது அமைப்புகளில் இருக்கும் இரண்டு முகவரிகளையும் மாற்ற வேண்டும். தரவுத்தளத்தில் பழைய முகவரியை நேரடியாகத் தேடி மாற்றாதீர்கள். சில பதிவுகளில் எழுத்து எண்ணிக்கையும் சேர்த்துச் சேமிக்கப்பட்டிருக்கும், நீளம் மாறினால் அவை உடையும். வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் கருவியான டபிள்யூபி சிஎல்ஐயின் ‘சர்ச் ரீப்ளேஸ்’ அதைக் கவனித்துச் செய்யும்.)

டொமைன் சர்வரை வந்தடைந்த பிறகு பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்எல் சான்றிதழ் எடுங்கள். சிபேனலில் ஆட்டோஎஸ்எஸ்எல் இருந்தால் தானாகவே வரும். டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள பெயர், இல்லாத பெயர் இரண்டுக்கும் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய முகவரிக்கு வருபவர்களைப் புதியதற்கு அனுப்ப 301 ரீடைரக்ட் (நிரந்தரத் திருப்பல்) போட வேண்டும். இதில் ஒரு சூட்சுமம். இரண்டு பெயர்களும் ஒரே ஃபோல்டரைத்தான் திறக்கின்றன. ‘ஹோஸ்ட் பழைய டொமைனாக இருந்தால் மட்டும்’ என்ற நிபந்தனை இல்லாமல் விதி எழுதினால், புதிய டொமைன் தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருக்கும்.

கடைசியாக, பணம் செலுத்தும் சேவையின் பக்கத்தில் பதிந்து வைத்த வெப்ஹுக் முகவரி (பணம் வந்ததை அந்தச் சேவை கடைக்குத் தெரிவிக்கும் முகவரி). ரீடைரக்ட் இருக்கிறதே என்று அதைப் பழையபடியே விட்டுவிடாதீர்கள். பல சேவைகளின் தகவல் ரீடைரக்டைத் தாண்டி உருப்படியாக வந்து சேராது. வாடிக்கையாளர் பணம் கட்டியிருப்பார், கடையில் ஆர்டர் நிலுவையில் கிடக்கும். எல்லாம் மாற்றிய பிறகு கைபேசியிலிருந்து, புதிய முகவரியில், சொந்தப் பணத்தில் ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்கள். எங்கள் கடையின் முதல் ஆர்டர் நான் போட்டதுதான். அரைக் கிலோ மிட்டாய். கூரியர் கட்டணத்தைக்கூட மதினி விட்டுக்கொடுக்கவில்லை.