பன்னீர் மரமா, மரமல்லியா?

ஐப்பசி பிறந்தால் போதும், எனக்கு வரும் கேள்விகளில் பாதி இந்த ஒரே மரத்தைப் பற்றித்தான்.

ஆபீஸ் வாசலில் உயரமான மரம். காலையில் தரை முழுக்க நீளக் காம்புள்ள வெள்ளைப் பூ, நல்ல வாசனை. வாட்ச்மேன் பன்னீர் மரம் என்கிறார், சரியா?

பாதி ஊர் அப்படித்தான் சொல்கிறது, ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது மரமல்லி. திருச்செந்தூரில் விபூதி மடித்துத் தருவார்களே, அதுதான் பன்னீர் மரத்து இலை, அகலமான தனி இலை. மரமல்லி இலையோ வேப்பிலை மாதிரி சிறுசிறு இலைகளாகப் பிரிந்திருக்கும். கீழே கிடக்கும் பூ ஒன்றை எடுத்துப் பாருங்கள்: நீங்கள் காம்பு என்று நினைப்பது பூவின் குழல், கிட்டத்தட்ட விரல் நீளம், நுனியில் நான்கு இதழ் போலத் தெரியும், உற்றுப் பார்த்தால் ஒன்று நடுவில் பிளந்திருக்கும், ஆக ஐந்து. அப்புறம் பட்டையை நகத்தால் அழுத்துங்கள், தக்கை போல அமுங்கும். காம்பு ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் அது பவளமல்லி, அந்தக் குழப்பமே வேண்டாம்.

வருடக்கணக்கில் தேடியும் விதை கிடைக்கவில்லை.

கிடைக்காது. பர்மா, தாய்லாந்து பக்கத்து மரம் இது, நம் ஊரில் வஞ்சனையில்லாமல் பூக்கும், காய்ப்பது அபூர்வம். விதையை விடுங்கள், பெரிய மரத்தைச் சுற்றி வேரிலிருந்தே கன்று கிளம்பியிருக்கும். மழைக்காலத்தில் அதைத் தாய்வேரில் ஒரு துண்டோடு சேர்த்து வெட்டியெடுத்து, பையில் வைத்து நிழலில் விடுங்கள், புதுத் துளிர் வந்து நன்றாகப் பிடித்த பிறகு நடலாம்.

மதிலிலிருந்து மூன்றடி தள்ளி வைக்கலாமா?

வேண்டாம். வேர் ஆழம் போகாது, கிளையும் சட்டென்று முறியும். என் வீட்டு மரத்தின் கிளை ஒன்று சாதாரணக் காற்றுமழைக்கே ஒடிந்து பக்கத்து வீட்டு ஸ்கூட்டர்மேல் விழுந்தது, சீட்டும் கண்ணாடியும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். 2016-இல் வர்தா புயலைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. வீடு, மதில், மின்கம்பி எல்லாவற்றிலிருந்தும் இருபதடியாவது விடுங்கள். இடம் அவ்வளவு இல்லையென்றால் மகிழம் வையுங்கள், மெதுவாகத்தான் வளரும், ஆனால் வாசனைக்குக் குறைவில்லை.

கார் நிறுத்த நிழல் கிடைக்குமா?

ஓரளவுக்குத்தான். நெட்டையாகப் போகும் மரம், தூங்குமூஞ்சி மாதிரி குடை விரிக்காது. பாதையோரம் வரிசையாக நட்டால்தான் இதன் அழகே தெரியும். காருக்கு என்றால் புங்கம்.

ராத்திரி வாசனைக்குப் பாம்பு வரும் என்று மாமியார் வெட்டச் சொல்கிறார்.

பூ வாசனைக்குப் பாம்பு வராது, மாமியாரிடம் என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். இரவில் மலரும் வெள்ளைப் பூ, அவ்வளவு நீளக் குழல், எல்லாம் நீள உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிக்காக. சரி, அடியில் சருகைக் குவித்து வைத்தால் எலி வரும், எலிக்காகப் பாம்பும் வரலாம். அதற்கு விளக்குமாறு போதும், கோடாரி எதற்கு?