ஜெயிக்க முடியாது என்று தெரிந்துமா ஜப்பான் அமெரிக்காவைத் தாக்கியது?

தெரிந்துதான். 1941 கோடையில் டோக்கியோவில் ஓர் அரசு ஆய்வுக்கூடம் இளம் அதிகாரிகளைப் பாவனை அமைச்சரவையாக உட்கார வைத்தது. கப்பல், எண்ணெய், இரும்பு எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு அவர்கள் சொன்ன முடிவு: முதலில் சில வெற்றிகள், பிறகு இழுபறி, கடைசியில் தோல்வி. போர் அமைச்சர் தோஜோவும் அதைக் கேட்டார். கேட்டுவிட்டு, போர் என்பது காகிதக் கணக்கு இல்லை என்று தள்ளிவிட்டார்.

பிறகு ஏன் இறங்கினார்கள்? என் பதில் ஒரே சொல்: சீனா. 1941 டிசம்பரில் ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரைத் தாக்கியதிலிருந்து கதையைத் தொடங்கினால் இது பிடிபடாது. பத்து வருடம் பின்னால் போக வேண்டும்.

1931 செப்டம்பரில் சீனாவின் வடகிழக்கான மஞ்சூரியாவில் இருந்த ஜப்பானியப் படை அதிகாரிகள் சிலர், தங்கள் நாட்டுக்குச் சொந்தமான ரயில் பாதையிலேயே வெடி வைத்துவிட்டுப் பழியைச் சீனர்கள் மேல் போட்டார்கள். டோக்கியோ அரசு அனுமதி கொடுக்கவில்லை. ஆனால் மஞ்சூரியா கைக்கு வந்த பிறகு வேண்டாம் என்று சொல்லவும் அதற்குத் தைரியம் இல்லை. அடுத்த மே மாதம் பிரதமர் இனுகாயை இளம் கடற்படை அதிகாரிகள் வீடு புகுந்து சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகு எந்த அரசியல்வாதி ராணுவத்தை எதிர்த்து வாய் திறப்பான்?

1937இல் முழுச் சீனாவோடும் போர். ஒரே மாதத்தில் முடித்துவிடலாம் என்று பேரரசர் ஹிரோஹிட்டோவிடம் சொன்னவர் தளபதி சுகியாமா. நான்கு வருடம் கழித்து, அமெரிக்காவோடு போர் பற்றிப் பேச அதே சுகியாமா வந்து நின்றபோது, பேரரசர் அந்தப் பழைய வாக்கை நினைவூட்டிக் கடிந்துகொண்டார். சீனா பரந்த தேசம் என்று சுகியாமா சமாளிக்க, பசிபிக் அதைவிடப் பரந்தது இல்லையா என்று கேட்டார் பேரரசர். சுகியாமா தலைகுனிந்து நின்றார். ஆனால் போர் ஏற்பாடுகள் நிற்கவில்லை. இந்த ஒரு காட்சி போதும் எனக்கு.

சீனப் போர் புலிவால் பிடித்த கதைதான். புலியைப் பிடித்திருக்கத் தேவையான எண்ணெயில் ஏறக்குறைய எண்பது சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது! 1941 ஜூலையில் ஜப்பான் தெற்கு இந்தோசீனாவுக்குள் (இன்றைய வியட்நாம் பக்கம்) படையை இறக்கியதும் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஜப்பானியச் சொத்துகளை முடக்கினார். ஆகஸ்டில் எண்ணெய் நின்றது. கையிருப்பு ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு வரும். கடற்படை மட்டும் மணிக்கு 400 டன் எரிக்கிறது என்று அதன் தலைமை அதிகாரி நாகானோ அக்டோபரில் கணக்குச் சொன்னார்.

'அமெரிக்காதான் ஜப்பானை மூலையில் தள்ளியது' என்று இந்த இடத்தில் யாராவது வருவார்கள். பாதி உண்மை. தடை ஒரு கெடு வைத்தது, சரி. ஆனால் அதிலிருந்து வெளியே வர வழி இருந்தது: சீனாவிலிருந்து படையைத் திருப்பி அழைப்பது. பிரதமர் கொனோயே அதைப் பேசிப் பார்த்தார். லட்சத்துக்கும் மேல் நம் ஆட்கள் செத்த மண்ணை விட்டுவிட்டு வருவதா, பின்வாங்கினால் மஞ்சூரியாவும் கொரியாவும் போய்விடும் என்று தோஜோ மறுத்தார். அக்டோபரில் கொனோயே விலக, தோஜோவே பிரதமர் ஆனார். சூதாட்டத்தில் விட்டதைப் பிடிக்க வீட்டுப் பத்திரத்தை வைப்பவனின் நியாயம் இது.

மற்றது வரைபடம் சொல்லும். எண்ணெய் இருந்தது டச்சுக்காரர்கள் கையிலிருந்த சுமத்ராவிலும் போர்னியோவிலும். வழியில் பிரிட்டிஷ் மலாயா, அமெரிக்க பிலிப்பைன்ஸ். பக்கவாட்டில் ஹவாயில் அமெரிக்கக் கப்பற்படை. அந்தக் கப்பற்படையை ஆறு மாதமாவது முடக்கிவைக்கத்தான் பேர்ல் ஹார்பர். தெற்கே இருந்த எண்ணெய்தான் இலக்கு. பேர்ல் ஹார்பரில் குண்டு விழுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியர்கள் கரையேறத் தொடங்கிவிட்டார்கள். ஹவாயைத் தாக்கிய அதே தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்கள்தான் 1942 ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின.

என் தாத்தா அப்போது மலாயாவின் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து லயத்திலிருந்து சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடக் கூட்டிக்கொண்டு போனவர்களில் திரும்பியவர்கள் மிகக் குறைவு என்பார். அந்த 415 கிலோமீட்டர் பாதையில் செத்த தமிழர்கள் பல்லாயிரம். 'ஜப்பான்காரன் எதுக்குடா இங்க வந்தான்?' என்று அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய்க்காக என்றால் நம்பமாட்டார்.

அந்த எண்ணெயும் வேண்டிய அளவு ஊர் போய்ச் சேரவில்லை. சுமத்ராவின் பலெம்பாங்கை 1942 பிப்ரவரியிலேயே பிடித்துவிட்டார்கள். ஆனால் எண்ணெய்க் கப்பல்களை அமெரிக்க நீர்மூழ்கிகள் ஒவ்வொன்றாக மூழ்கடித்தன. 1945இல் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் மலைக்காடுகளில் பைன் மரவேர்களைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள், காய்ச்சி விமானத்துக்கு எரிபொருள் எடுக்க.