பளபளப்பு மேலே, மேட் கீழே!

கேள்வி: எங்கள் ஃபிளாட்டின் சமையலறை 8-க்கு 7 அடிதான். பழைய சிமென்ட் அலமாரிகளை இடித்துவிட்டு மாடுலர் கிச்சன் போடப்போகிறோம். வெள்ளை நிறத்தில் பளபளவென்று அக்ரிலிக் கதவு போட்டால் இடம் பெரிதாகத் தெரியும் என்கிறார் கான்ட்ராக்டர். பலகையெல்லாம் எம்.டி.எஃப்.தானாம். சரி என்று சொல்லிவிடலாமா?
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: வெள்ளை சரி. பளபளப்பை மேல் அலமாரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தினமும் கடுகு தாளிக்கிற வீட்டில் கீழ்க் கதவு பளபளத்தால் கைரேகை, எண்ணெய்த் துளி எல்லாம் காட்டிக்கொடுக்கும். என் முதல் சமையலறையில் நான் அடர் பழுப்பில் கிளாஸி போட்டவள். தோசை வார்த்த கையோடு கதவைத் திறப்பேன். அப்புறம் துணியும் கையுமாக நிற்பேன். கீழே 1 மி.மீ. மேட் (பளபளப்பில்லாத) லேமினேட் போதும், செலவும் குறையும்.

எம்.டி.எஃப். என்பது மரநாரை அழுத்திச் செய்த பலகை. மேல் கதவுகளுக்குப் பரவாயில்லை. கீழ்ப் பெட்டிகளுக்கு வேண்டவே வேண்டாம். தண்ணீர் பட்டால் உப்பும். காய்ந்தாலும் பழையபடி ஆகாது. என் சிங்க்குக்கு அடியில் குழாய் லேசாகக் கசிந்ததற்கே பலகை டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி ஆகிவிட்டது. ஐ.எஸ். 710 முத்திரை (தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) உள்ள பிளைவுட் கேளுங்கள். லேமினேட் ஒட்டுவதற்கு முன்பே போய்ப் பாருங்கள், ஒட்டிவிட்டால் எல்லாப் பலகையும் ஒரே ஜாதி! வெளியே தெரியாத ஓரங்களுக்கும் எட்ஜ் பேண்ட் (பலகையின் வெட்டுவாயை மூடும் பட்டை) ஒட்டச் சொல்லுங்கள். ஈரம் நுழைவது அங்கேதான்.

7 அடி அகலத்தில் இரண்டு பக்கமும் இரண்டடி மேடை வந்தால் நடக்க மூன்றடிதான் மிஞ்சும். அதனால் எதிர்ச்சுவரில் ஓரடி ஆழத்துக்கு மளிகை அலமாரி மட்டும் போடுங்கள். மேடைக்குக் கீழே கதவைவிட டிராயர் நல்லது, இட்லிக் கொப்பரைக்காகத் தலையை உள்ளே விட வேண்டியதில்லை. கொப்பரையின் உயரத்தை அளந்து கொடுத்துவிடுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

சிலிண்டரை மேடைக்கு அடியில் வைப்பதாக இருந்தால் அதன் கதவை முழுக்க அடைக்காதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். கதவின் அடிப்பாகத்தில் காற்றுத் துளைகள் கட்டாயம் வேண்டும். அழகு கெடும் என்பார் கான்ட்ராக்டர். கெட்டால் கெடட்டும்.