இளம் குவார்ட்டர்பேக்கை முதலிலேயே எடுக்கலாமா?

கேள்வி: சிகாகோவில் பல ஆண்டுகளாக வசிக்கிறோம். என் மகன் அமெரிக்கக் கால்பந்தில் பேர்ஸ் அணியின் தீவிர ரசிகன். நல்ல குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) இல்லாத அணி, டிராஃப்டின் (அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) முதல் சில இடங்களிலேயே ஓர் இளைஞரை எடுத்துவிட வேண்டும் என்பது அவன் கட்சி. மற்ற இடங்களை நிரப்பிவிட்டுக் குவார்ட்டர்பேக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. டாம் பிரேடியை 199-ஆவது ஆளாகத்தானே எடுத்தார்கள்? யார் சொல்வது சரி?
– வாசகர், சிகாகோ

பதில்: தங்கள் மகன் பக்கமே சாய்கிறேன். ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒரு நிபந்தனையோடுதான் சாய்கிறேன்.

பிரேடியை முதலில் ஒதுக்கி வைத்துவிடுவோம். 2000-ஆம் ஆண்டு ஆறாம் சுற்றில் வந்து ஏழு முறை லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலை வென்ற அவரை இன்றும் பேசுகிறோம் என்றால், அப்படி இன்னொருவர் கிடைக்கவில்லை என்பதே காரணம். 2022-இல் கடைசி ஆளாக, 262-ஆவது இடத்தில் வந்த பிராக் பர்டியையும் சிலர் சுட்டுவார்கள். அவரை எடுத்த சான்பிரான்சிஸ்கோ அணி, அதற்கு முந்தைய ஆண்டுதான் முதல் சுற்றில் ஆள் எடுக்கும் மூன்று வாய்ப்புகளை வேறோர் அணிக்குக் கொடுத்து மூன்றாம் இடத்துக்கு ஏறி டிரே லான்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்து ஏமாந்திருந்தது என்பதை அவர்கள் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பரிசுச்சீட்டு விழுந்தது என்பதற்காக யாரும் அதை நம்பிக் குடும்பக் கணக்குப் போடுவதில்லை.

முதலிலேயே எடுப்பதற்கு ஆதரவான வலுவான காரணம் பணம். 2010-இல் முதல் ஆளாக வந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுகளுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. அதில் 5 கோடி உறுதியளிக்கப்பட்டது. மறு ஆண்டே புதுமுகங்களின் சம்பளத்துக்கு வரம்பு வந்ததால், அந்த ஆண்டின் முதல் ஆளான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 2.2 கோடிதான். தேர்ந்த குவார்ட்டர்பேக் ஒருவர் இன்று ஓர் ஆண்டுக்கே 5 கோடிக்கு மேல் வாங்குகிறார். அணியின் மொத்தச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு இருப்பதால், இளைஞர் குறைந்த சம்பளத்தில் ஆடும் அந்த நான்கைந்து ஆண்டுகளில் மிஞ்சுவதைக் கொண்டுதான் அணி மற்ற இடங்களுக்கு ஆள் சேர்க்க முடியும். தாங்கள் சொல்லும் ‘மற்ற இடங்களை நிரப்பும்’ வேலைக்கும் இதுவே வழி.

இனி நிபந்தனை. அந்த இடத்துக்கு ஏற என்ன விலை கொடுக்கிறோம், வருகிற பையனை எப்படிப்பட்ட அணிக்குள் இறக்குகிறோம் என்ற இரண்டையும் பார்க்காமல் எடுக்கக் கூடாது. 2002-இல் புதிதாகத் தொடங்கிய ஹூஸ்டன் அணி டேவிட் காரை முதல் ஆளாக எடுத்து, அவரைக் காக்கும் ஆஃபென்சிவ் லைன் தேறுவதற்கு முன்பே களத்தில் விட்டது. அந்த ஒரே பருவத்தில் அவர் 76 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். இதற்கு நேர்மாறாக, 2017-இல் பத்தாம் இடத்தில் வந்த பேட்ரிக் மஹோம்ஸ், அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் ஓராண்டு அமர்ந்து, ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டும் தொடங்கி, அடுத்த ஆண்டு லீகின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். அதே டிராஃப்டில் தங்கள் ஊர் அணி மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஏறுவதற்காகவே கூடுதல் வாய்ப்புகளைக் கொடுத்து மிட்செல் டிருபிஸ்கியை எடுத்தது என்பதைத் தங்கள் மகன் மறந்திருக்க மாட்டார். (அதை நினைவூட்டினால் சிகாகோக்காரர்கள் இன்றும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.)

ஆள் கணிப்பே தவறிப்போவதும் உண்டு. 1998-இல் பெய்டன் மேனிங்கா, ரையன் லீஃபா என்று வல்லுநர்கள் உண்மையாகவே விவாதித்தார்கள்; மேனிங் பெரும் வீரரானார், லீஃப் சோபிக்கவேயில்லை. அதற்கு மருந்து கிடையாது.

2023-இல் நிலைமை தலைகீழானது. சிகாகோவிடம் இருந்த முதல் இடம் வேண்டும் என்று வந்த கரோலினா அணி, பிரைஸ் யங்கை எடுப்பதற்காக டி.ஜே. மூர் என்ற தேர்ந்த ரிசீவரையும் (எறியும் பந்தைப் பிடிப்பவர்), 2024-இன் முதல் சுற்று வாய்ப்பு உள்ளிட்ட பலவற்றையும் சிகாகோவுக்குக் கொடுத்தது. மூரை இழந்த கரோலினா அந்தப் பருவத்தில் லீகிலேயே கடைசியாக வந்ததாலும், கடைசி அணிக்கே அடுத்த டிராஃப்டின் முதல் இடம் என்பதாலும், அது கொடுத்த வாய்ப்பே 2024-இன் முதல் இடமாக மாறி, கேலப் வில்லியம்ஸ் சிகாகோவுக்குக் கிடைத்தார்.

இங்கேதான் தங்கள் கட்சிக்கும் இடம் உண்டு. வில்லியம்ஸ் தம் முதல் பருவத்தில் 68 முறை வீழ்த்தப்பட்டார். பயிற்சியாளரும் பருவத்தின் நடுவிலேயே நீக்கப்பட்டார். 2025-இல்தான் பென் ஜான்சன் பயிற்சியாளராக வந்தார், லைனின் நடுப்பகுதிக்கு ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், டிரூ டால்மன் என்ற மூவரும் சேர்க்கப்பட்டார்கள். வில்லியம்ஸை எடுத்தது தவறில்லை என்பதில் மகனுக்கு வெற்றி. அந்த மூவரையும் ஓராண்டு முன்பே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று தாங்கள் தாராளமாக வாதிடலாம்.