ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம்: வாசகர் கேள்விகள்

நிருபராக இருந்து நாவலாசிரியர் ஆனவர் கென் ஃபாலெட். நிருபர் வேலை கதை எழுத உதவுமா?
– வாசகி, காரைக்குடி

ஃபாலெட்டை முதலில் எழுத வைத்தது ரிப்பேரான ஒரு கார். 1949-ல் வேல்ஸின் கார்டிஃபில் பிறந்தவர். அங்கேயே 'சவுத் வேல்ஸ் எக்கோ'வில் தொழில் பழகி, லண்டன் 'ஈவனிங் நியூஸ்'க்குப் போனார். காரைச் சரிபண்ண 200 பவுண்டு தேவைப்பட்டது. கூட வேலை பார்த்த ஒருவர் த்ரில்லர் எழுதி அதே தொகையை முன்பணமாக வாங்கியிருந்தார். சரி, நாமும் எழுதுவோம் என்று உட்கார்ந்துவிட்டார். சைமன் மைல்ஸ் என்ற புனைபெயரில் 1974-ல் நாவல் வெளிவந்தது. கார் ஓடியது, புத்தகம் ஓடவில்லை.

அப்புறமும் வெவ்வேறு பெயர்களில் மளமளவென்று எழுதித் தள்ளினார். எதுவும் பெரிதாக எடுபடவில்லை. செய்தி எழுதிப் பழகிய கை அப்படித்தான். யார், எங்கே, எப்போது என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் பாய்ந்துவிடும். சப்-எடிட்டர் நாற்காலியில் இருந்து நிறையப் பார்த்திருக்கிறேன். 1978-ல் 'ஐ ஆஃப் தி நீடில்' வந்த பிறகுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

உளவுக் கதை எழுதியவர் தேவாலயம் கட்டும் கதைக்கு எப்படிப் போனார்?
– வாசகர், தென்காசி

இங்கேதான் நிருபர் வேலை கைகொடுத்தது. செய்திக்காக இங்கிலாந்தின் பீட்டர்பரோ ஊருக்குப் போனவருக்கு, திரும்பும் ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. கட்டடக்கலை அறிஞர் பெவ்ஸ்னரின் புத்தகத்தைப் படித்திருந்ததால், அந்த ஊர் கதீட்ரலை, அதாவது பெரிய தேவாலயத்தை, பார்க்கப் போனார். சொக்கிப்போய்விட்டார். இத்தனைக்கும் அவர் பெற்றோர் பிளிமத் பிரெத்ரன் என்ற கண்டிப்பான கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். வீட்டில் டிவி, சினிமா கிடையாது. சபைக்கூடமும் நாற்காலி போட்ட வெறும் அறைதான். அப்படி வளர்ந்த, கடவுள் நம்பிக்கையும் இல்லாத ஆளை அந்தக் கல் கட்டடம் விடவில்லை.

1976-லேயே சில அத்தியாயங்கள் எழுதிப் பார்த்தார். ஏஜென்ட் ஆல் ஸக்கர்மனுக்குத் திருப்தி இல்லை. காட்சிகள் அழகாக இருக்கின்றன, ஒன்றையொன்று இழுத்துச் செல்லும் கதைகள் வேண்டும் என்கிற மாதிரி சொன்னார். ஃபாலெட் அதைக் கிடப்பில் போட்டுவிட்டு த்ரில்லர் எழுதினார். பத்து வருடம் கழித்து, 1986-ல் மறுபடி எடுத்து, மூன்று வருடத்துக்கு மேல் உழைத்தார். கிங்ஸ்பிரிட்ஜ் என்ற கற்பனை ஊரில் 12-ஆம் நூற்றாண்டில் கதீட்ரல் எழும்பும் கதை, 'தி பில்லர்ஸ் ஆஃப் தி எர்த்', 1989-ல் வந்தது. அவசரக்காரர் செய்த உருப்படியான காரியம் அந்தப் பத்து வருடக் காத்திருப்பு என்பேன்.

எதில் தொடங்கலாம்?
– வாசகர், ஓசூர்

'ஐ ஆஃப் தி நீடில்'. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியை ஏமாற்ற நேச நாடுகள் காட்டிய போலிப் படையைக் கண்டுபிடித்துவிட்ட ஜெர்மன் உளவாளி, புயலில் ஒரு தீவில் மாட்டிக்கொள்கிறான். அங்கே ஒரு பெண். ஒரே மூச்சில் முடித்துவிடலாம். 'பில்லர்ஸ்' தலையணை சைஸ். அதன் வில்லனும் துளி நல்லது இல்லாத முழுக் கெட்டவன், எனக்குச் சலித்தது.

வேல்ஸ் வேண்டுமா, 'ஃபால் ஆஃப் ஜயன்ட்ஸ்' எடுங்கள். 1911 ஜூன் 22, லண்டனில் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா. அன்று பில்லி என்ற பையன் தன் 13-வது பிறந்தநாளில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்குகிறான். அந்த அத்தியாயம் பிடித்தால் மேலே படியுங்கள். இல்லாவிட்டால் லைப்ரரியில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வேறு யாராவது எடுத்துப் போகட்டும்.