விமானிக்கு எதற்கு இத்தனை கோப்பு?

அன்புள்ள அம்மாவுக்கு,

மகனை விமானியாக்க வழி கேட்டு, சனிக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தபோது நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எங்கள் வீட்டுக்காரர் இருபது வருடமாகக் கோப்போடு மாரடிக்கிறார். பிள்ளையாவது தப்பித்துப் பறக்கட்டும் என்று நினைத்தேன். என் தம்பி வந்து, அங்கேயும் இதே கதைதான் என்கிறான்." பக்கத்தில் உங்கள் கணவர் பேசாமல் சிரித்துக்கொண்டிருந்தார். வட்டாட்சியர் அலுவலக முத்திரை மை அவர் கட்டைவிரலில் ஊதாவாக ஒட்டியிருந்தது.

உங்கள் தம்பி ஹெலிகாப்டர் விமானி. எந்தப் படை, எந்தத் தளம் என்பதை இங்கே விட்டுவிடுகிறேன். விடுப்பில் வந்தவர் அடுக்கியதை நீங்கள் அப்படியே ஒப்பித்தீர்கள். காலையில் பறப்புக்கு முன் நடக்கும் பிரீஃபிங் கூட்டத்துக்குப் போவதற்கு முன் மெஸ் கணக்கு. பிற்பகலில், காணாமல் போன ஒரு தார்ப்பாயைப் பற்றிய விசாரணைக் குழுவில் உறுப்பினர். மாலையில் மின்விசிறி வாங்க அரசின் இணையச் சந்தையில் விலை ஒப்பீடு. இதற்கு நடுவே வானிலை சரியாக இருந்தால், இயந்திரமும் தயாராக இருந்தால், ஒரு மணி நேரம் பறப்பது.

அவர் மிகைப்படுத்தவில்லை என்றே நினைக்கிறேன். படையில் விமானி என்பவர் முதலில் அதிகாரி. உங்கள் கணவர் துறையில் கூடுதல் பொறுப்பு என்பார்களே, அதுவேதான். மெஸ், விளையாட்டு, குடியிருப்பு ஒதுக்கீடு, இருப்புச் சரிபார்ப்பு எல்லாவற்றையும் யாராவது ஓர் அதிகாரி தலையில் கட்ட வேண்டும். இளையவர் தலைதான் எப்போதும் கைக்கு எட்டும்.

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. போர் விமானிகள் போதாமல் தவித்த அமெரிக்க விமானப் படை, 2016-ல் இந்தக் கூடுதல் வேலைகளை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தது. விதிப்புத்தகத்திலேயே 61 இருந்தன. அவற்றில் 29-ஐ ஸ்குவாட்ரன் எனப்படும் விமான அணிகளின் அலுவலக உதவிப் பிரிவுக்கு மாற்றச் சொன்னது. அதற்கு முந்தைய ஆட்குறைப்பில் அந்தப் பிரிவுகளைக் கலைத்ததும் அதே படைதான்! எழுத்தரை வீட்டுக்கு அனுப்பினால் எழுத்து வேலை கூடவே போய்விடுவதில்லை. விமானியின் மேசைக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. கணினி வந்தால் காகிதம் ஒழியும் என்று சொன்னவர்களை உங்கள் கணவரிடம் அனுப்பி வையுங்கள், அவர் பதில் சொல்வார்.

நம் பக்கத்தில் வேறொரு நெருக்கடி உண்டு. இந்திய விமானப் படையில் 2015 பிப்ரவரியில் 486 ஆக இருந்த விமானிகள் பற்றாக்குறை, 2021 இறுதியில் 596 ஆனது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை சொல்கிறது. ஆள் குறைந்தால் இருப்பவர் தலையில்தான் சுமை ஏறும், பறப்பதிலும் சரி, மற்றதிலும் சரி.

ஆனால் எல்லாக் காகிதத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடாதீர்கள். விமானத்தில் ஏறுவதற்கு முன் விமானி கையெழுத்திடும் பதிவேடு ஒன்று உண்டு. ஃபார்ம் 700 என்பார்கள். அந்த விமானத்தில் யார் எந்தப் பகுதியைச் சரிபார்த்தார், எரிபொருள் எவ்வளவு, முந்தைய பறப்பில் என்ன பழுது வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். பழுதை அங்கே 'ஸ்னாக்' என்று சொல்வார்கள். தரைப் பணியாளர்கள் கையெழுத்திட்ட பிறகு, விமானி படித்துப் பார்த்து, 'இந்த இயந்திரத்தை ஏற்கிறேன்' என்று தன் கையெழுத்தைப் போடுகிறார். இறங்கியதும், பறக்கும்போது கண்ட கோளாறை எழுதுகிறார். நேற்று ஒருவர் சோம்பலில் எழுதாமல் விட்டது இன்று இன்னொருவர் உயிருக்கு வரும். உங்கள் தம்பி அலுத்துக்கொண்டது தார்ப்பாயைப் பற்றி. இந்தப் பதிவேட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறை சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார்.

இப்போது உங்கள் மகனிடம் வருகிறேன். எனக்குக் கவலை தந்தது அவருடைய மாமா பேச்சல்ல. நான் கொடுத்த ஒரு பக்க விவரப் படிவம்தான். 'பெரிய எழுத்தில் நிரப்பவும்' என்று மேலேயே போட்டிருக்கிறது, உங்கள் மகன் சின்ன எழுத்தில் நிரப்பினார். தேதியை விட்டுவிட்டார். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் வருகிறது, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கிறது. எதைப் பார்த்து எழுதினாய் என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறார். நேரே மைதானத்தில் ஓடச் சொன்னால் ஓடிவிடுவார், உடம்பு அப்படி. விமானிக்கு வேண்டிய குறைந்தபட்ச உயரத்தையும் எப்போதோ தாண்டிவிட்டார். படிவத்தைப் படிக்கும் பொறுமைதான் இன்னும் வரவில்லை.

அதனால் ஒரு வேலை கொடுக்கிறேன். ஒரு மாதம், காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் மொட்டை மாடியில் நின்று காற்றின் திசை, மேகம், மழை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதட்டும். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் அதையும் குறிக்கட்டும். 2011-ல் 'தானே' என்ற புயலைப் பார்த்த ஊர்க்காரர் நாம், காற்றைப் பற்றி நமக்குப் பாடம் வேண்டியதில்லை. ஒரே நிபந்தனை: ஒரு வேளை விட்டுப்போனால் ஊகித்து நிரப்பக்கூடாது, 'பார்க்கவில்லை' என்று எழுத வேண்டும். நோட்டைப் பார்த்தால் எனக்குப் பாதி தெரிந்துவிடும்.

வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் இருக்கின்றன. வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் நடுவில். எனவே தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வை இப்போதே எழுதலாம். ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. அந்த அகாடமி இருக்கும் புணே அருகிலுள்ள கடக்வாஸ்லாவில் மூன்று ஆண்டு, பிறகு ஹைதராபாத் அருகே துண்டிகல்லில் பறக்கும் பயிற்சி. செலவு அரசுடையது. ஆனால் இந்த ஏணி மேசையை நோக்கித்தான் ஏறுகிறது. 13 ஆண்டில் விங் கமாண்டர் என்ற பதவிக்கு வந்துவிடலாம், அதற்குப் பிறகு பறக்கும் மணி குறைந்து கோப்பு கூடும். பட்டம் முடித்து, விமானப் படையின் பொது நுழைவுத் தேர்வான ஏஎஃப்கேட் வழியாகப் போனால் பறக்கும் பிரிவில் 14 ஆண்டு குறுகிய காலப் பணி. மேசை முழுதாக விழுங்குவதற்குள் வெளியே வந்துவிடலாம். பறப்பதுதான் ஆசை, பதவி அல்ல என்றால் இதை நான் தாழ்வாக நினைக்க மாட்டேன். இருந்தாலும் முதல் வாய்ப்பை விட வேண்டாம், இப்போதைய தேர்வை எழுதட்டும்.

எந்த வழியானாலும் விமானியாகத் தகுதி உண்டா என்று பார்க்கும் கணினித் தேர்வு ஒன்று இருக்கிறது. வாழ்நாளில் ஒரே முறை. அதில் தவறினால் பறக்கும் பிரிவின் கதவு சாத்திவிடும், மறு வாய்ப்பு இல்லை. இதைத் தெரியாமல் 'சும்மா ஒரு முயற்சி' என்று போய்த் தோற்று வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"அப்படியானால் பயணிகள் விமானத்துக்கே போகட்டுமே" என்றீர்கள். அங்கே மெஸ் கணக்கு கிடையாது, உண்மை. ஆண்டுக்கு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்று சட்டமே தடுக்கும் அளவுக்குப் பறப்பார்கள். ஆனால் வணிக உரிமத்துக்கு 200 மணி நேரம் சொந்தச் செலவில் பறக்க வேண்டும், மொத்தம் பெரும்பாலும் அரைக் கோடியைத் தொடும். புதுப்பாளையம் வீட்டை அடகு வைப்பதாக உங்கள் கணவர் மெதுவாகச் சொன்னார். வேண்டாம். கடன் வாங்கி உரிமம் எடுத்து, வேலைக்காக வரிசையில் நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் தம்பி பணிக்குத் திரும்புவதற்குள் அவரையும் மகனையும் ஒரு மாலை வெள்ளிக் கடற்கரைக்கு அனுப்புங்கள், நீங்கள் கூடப் போக வேண்டாம். அக்கா முன்னால் குறையைத்தான் சொல்வார். மருமகனிடம் மற்றதையும் சொல்வார்.

அடுத்த முறை வரும்போது பத்தாம் வகுப்புச் சான்றிதழின் அசலையும் ஆதாரையும் எடுத்து வாருங்கள். இனிஷியல் சிக்கலை முதலில் தீர்த்துவிடுவோம். அந்த மனுவை மட்டும் உங்கள் மகனே எழுதட்டும், அப்பா கை வைக்கக்கூடாது.