ஸ்பானிஷுக்குத் தமிழ் வழியே போகலாம்

அன்புள்ள ஐயா,

கொஞ்ச நாளாக மொபைல் செயலியில் ஸ்பானிஷ் படிக்கிறேன். இன்ஃபொர்மாசியோன், நொத்தீசியா, அவீசோ, தாத்தோ, ரெக்காதோ, மென்சாஹே எல்லாமே ‘தகவல்’ மாதிரிதான் தெரிகின்றன. எதை எங்கே போடுவது? அறிவுரைக்கு அவீசோ என்று எழுதி வகுப்பில் திட்டு வாங்கினேன். கணினிக்கு ஓர்தெனாதோர் சரியா, கொம்புத்தாதோரா சரியா?

கவிதா

அன்புள்ள கவிதா,

கணினியை முதலில் முடித்துவிடுகிறேன். ஸ்பெயினில் ஓர்தெனாதோர், மெக்சிகோவில் கொம்புத்தாதோரா, சிலியிலும் கொலம்பியாவிலும் கொம்புத்தாதோர். யாரிடம் பேசுகிறீர்களோ அவர்கள் சொல்லைச் சொல்லுங்கள்.

நீங்கள் திட்டு வாங்கியதைப் பற்றித்தான் பேச வேண்டும். அவீசோவைப் பார்த்ததும் ‘அட்வைஸ்’ ஞாபகம் வந்திருக்கிறது. நொத்தீசியாவைப் பார்த்தால் ‘நோட்டீஸ்’ ஞாபகம் வரும். இரண்டும் தப்பு. அவீசோ என்றால் அறிவிப்பு, எச்சரிக்கை. நொத்தீசியா என்றால் செய்தி. அறிவுரைக்குக் கொன்செஹோ என்று தனிச்சொல் இருக்கிறது. தமிழ் பேசுகிற நீங்கள் ஸ்பானிஷைத் தொட ஏன் ஆங்கிலத்தைச் சுற்றிப் போகிறீர்கள்? எனக்கு இதில் நிஜமாகவே கோபம் வருகிறது.

ஆங்கிலத்தில் ‘நியூஸ்’ ஒன்று, இரண்டு என்று எண்ண வராது. நாம் ஒரு செய்தி, இரண்டு செய்தி என்கிறோம். ஸ்பானிஷிலும் அப்படியே: ஊனா நொத்தீசியா, தோஸ் நொத்தீசியாஸ். டிவியில் வருவது லாஸ் நொத்தீசியாஸ், நம் ‘செய்திகள்’ போல. ரயில் நிலையத்தில் விசாரிக்கும் இடத்தில் இன்ஃபொர்மாசியோன் என்று எழுதியிருக்கும். குறிப்பாக ஒரே ஒரு விவரம் என்றால் தாத்தோ. படிவத்தில் நிரப்புகிற பெயர், பிறந்த தேதி எல்லாம் தாத்தோஸ் பெர்சொனாலெஸ். சிலியிலோ அர்ஜென்டினாவிலோ ஒருவர் “ஒரு தாத்தோ தருகிறேன்” என்றால், மலிவான நல்ல கடை எங்கே இருக்கிறது என்பது மாதிரி ஒரு துப்பு கிடைக்கப்போகிறது.

அப்புறம் ரெக்காதோ. மாட்ரிடில் நான் தங்கிய வீட்டில் ஒரே ஒரு போன், கீழ்த்தளத்தில் வீட்டுக்கார அம்மாவிடம். நான் இல்லாதபோது அழைப்பு வந்தால், “கியெரே தெஹார் அல்கூன் ரெக்காதோ?” என்று கேட்பார். ஏதாவது சொல்லிவிட வேண்டுமா என்று அர்த்தம். மாலையில் மூட்டுவலியோடு மாடி ஏறி வந்து, அழைத்தவர் கோபமாகச் சொன்னதைக் கோபமாகவும் தயங்கிச் சொன்னதைத் தயங்கியும் ஒப்பிப்பார். ஒருவர் வாங்கி இன்னொருவரிடம் சேர்க்கிற சேதி அது. கடைக்குப் போய்வருவது போன்ற சில்லறை வேலைகளுக்கும் அதே சொல்தான்: அசேர் ரெக்காதோஸ். “அவன்கிட்ட சொல்லிவிடு” என்று வளர்ந்த நமக்கு ரெக்காதோவை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் இதையும், எழுதியோ பேசியோ அனுப்புகிற எந்தச் செய்திக்கும் பொதுவான மென்சாஹேயையும் ‘மெசேஜ்’ என்று ஒன்றாக்கிவிடும். உங்கள் செயலியும் அதையேதான் செய்திருக்கிறது.

சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், அதனுடன் வரும் வினையையும் சேர்த்துப் படியுங்கள். ரெக்காதோவுக்குத் தெஹார் (விட்டுச்செல்வது), தாத்தோவுக்குப் பசார் (கைமாற்றுவது), நொத்தீசியாவுக்குத் தார் (கொடுப்பது), இன்ஃபொர்மாசியோனுக்குப் பெதீர் (கேட்டுப் பெறுவது). ஆறு சொற்களுக்கும் உங்கள் வீட்டுப் பேச்சிலிருந்து ஆளுக்கொரு வாக்கியம் எழுதி அனுப்புங்கள் அம்மா. நடுவில் ஆங்கிலம் ஒரு வரி இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன்.